நீரிழிவுக் கண் நோய்: ஊருக்கு வரும் கேமரா, தொலைவில் நிற்கும் சிகிச்சை

நீரிழிவு நோயாளிகள் பார்வையை இழப்பதைத் தடுப்பதற்காக, கையில் எடுத்துச் செல்லக்கூடிய கேமராக்களைக் கொண்டு அவர்களது விழித்திரையைப் படம்பிடித்துப் பரிசோதிக்கும் முறை, கடந்த சில ஆண்டுகளில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரவியுள்ளது. கண் மருத்துவர் இல்லாத ஊர்களிலும் ஒரு செவிலியரோ, பயிற்சி பெற்ற உதவியாளரோ சில நிமிடங்களில் இந்தப் படத்தை எடுத்துவிட முடியும். படத்தில் நோய்க்கான அறிகுறி உள்ளதா என்பதைக் கணினி மென்பொருளே உடனடியாகச் சொல்லிவிடும் நிலையும் வந்துவிட்டது.

மருத்துவத் தொழில்நுட்பம் ஏழைகளின் வாசல்வரை வந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டாக இது பேசப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால், எத்தனை பேருக்குப் படம் எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு எளிதாகக் கிடைக்கும் பதில், அவர்களில் சிகிச்சை தேவைப்பட்ட எத்தனை பேர் அதைப் பெற்றார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இத்தகைய திட்டங்களின் வெற்றியும் தோல்வியும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் அடங்கியுள்ளன.

அறிகுறி காட்டாத நோய்

இரத்தத்தில் சர்க்கரையின் அளவு பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்தால், கண்ணின் பின்புறத்தில் உள்ள விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. தொடக்கத்தில் அவற்றின் சுவர்கள் பலவீனமடைந்து சிறு புடைப்புகள் தோன்றும். பின்னர் இரத்தமும் கொழுப்பும் கசியும். நோய் முற்றும்போது, அடைபட்ட குழாய்களுக்குப் பதிலாகப் புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிரம்பும். விழித்திரையே பிய்ந்து விலகும் ஆபத்தும் உண்டு. கூர்மையான பார்வைக்குக் காரணமான விழித்திரையின் மையப் பகுதி வீங்குவது இதன் மற்றொரு விளைவு.

இவற்றில் பெரும்பகுதி நோயாளிக்குத் தெரியாமலே நடக்கிறது என்பதுதான் சிக்கல். வலி இருக்காது, கண் சிவக்காது, செய்தித்தாளை வழக்கம்போல் படிக்க முடியும். பார்வை மங்கிய பிறகு மருத்துவரிடம் போகும்போது, இழந்ததைத் திரும்பப் பெறும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. இருப்பதைக் காப்பாற்றுவதே அப்போது சிகிச்சையின் நோக்கமாகிறது.

உரிய காலத்தில் கண்டுபிடித்தால் இது தடுக்கக்கூடிய பார்வையிழப்பு என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு லேசர் சிகிச்சை அளித்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறையும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1970களிலேயே நிறுவியது. மையப் பகுதி வீக்கத்துக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகள் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்தன. ஆகவே குறை மருத்துவ அறிவில் இல்லை. நோய் இருப்பதையே அறியாத ஒருவரை அந்த மருத்துவத்திடம் உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் இருக்கிறது.

எண்ணிக்கை காட்டும் நெருக்கடி

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு கணித்தது. வயது வந்தோரில் இது 11.4 சதவீதம். கோவா, புதுச்சேரி, கேரளம் ஆகிய பகுதிகளில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக அதே ஆய்வு தெரிவித்தது.

இவர்களில் எத்தனை பேரின் கண்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்பதை அறிய, வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட மற்றொரு ஆய்வு 2022-இல் வெளியானது. 40 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் 12.5 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பும், 4 சதவீதத்தினருக்குப் பார்வையையே பறிக்கக்கூடிய நிலையில் நோயும் இருப்பதாக அது கண்டறிந்தது. நாடு முழுவதும் கணக்கிட்டால், அந்த ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர்.

நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. இந்தியாவில் உள்ள கண் மருத்துவர்கள் சுமார் 25,000 பேர். எல்லா நீரிழிவு நோயாளிகளையும் அவர்களே பார்ப்பது என்றால், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 4,000 பேர் வருவார்கள். கண்புரை அறுவை சிகிச்சை, கண் அழுத்த நோய், குழந்தைகளின் கண் குறைபாடு எல்லாம் இதற்கு மேல். போதாக்குறைக்கு அந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கிறார்கள். மருத்துவரைக் கிராமத்துக்கு அனுப்ப முடியாது என்றால், கண்ணின் படத்தையாவது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இந்த நெருக்கடியிலிருந்துதான் பிறந்தது.

மேசையிலிருந்து கைக்கு

விழித்திரையைப் படம்பிடிக்கும் கேமரா புதியதல்ல. மருத்துவமனைகளில் மேசைமீது பொருத்தப்பட்டிருக்கும் பெரிய கருவி அது. நோயாளி அதன் முன் அமர்ந்து, தாடையைத் தாங்கியில் வைத்து, அசையாமல் இருக்க வேண்டும். விலை அதிகம் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதை வாங்க நினைத்ததே இல்லை. சென்னையின் சங்கர நேத்ராலயா போன்ற நிறுவனங்கள் 2003 வாக்கில் இத்தகைய கருவிகளைப் பேருந்தில் ஏற்றி, செயற்கைக்கோள் இணைப்பின் உதவியோடு கிராமங்களுக்கு எடுத்துச் சென்றது ஒரு முன்னோடி முயற்சி.

கைத்தொலைபேசிகளில் உள்ள கேமராக்கள் மேம்பட்டபோது நிலைமை மாறியது. கைத்தொலைபேசியுடன் உரிய வில்லைகளையும் ஒளியமைப்பையும் இணைத்து விழித்திரையைப் படம்பிடிக்கும் கருவிகள் உருவாயின. பெங்களூருவைச் சேர்ந்த ரெமிடியோ, ஃபோரஸ் ஹெல்த் ஆகிய நிறுவனங்கள் குறைந்த செலவிலான கேமராக்களைத் தயாரித்தன. கென்யாவில் கண் மருத்துவ ஆய்வு மேற்கொண்ட பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ பஸ்தாவ்ரஸ் தொடங்கிய பீக் விஷன் அமைப்பும் இதே பாதையில் சென்றது.

அடுத்து வந்தது செயற்கை நுண்ணறிவு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு லட்சத்து 28 ஆயிரத்துக்கும் அதிகமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட மென்பொருள் கண் மருத்துவர்களுக்கு ஈடாக நோயை இனங்காண முடியும் என்று காட்டியது. சென்னையில் 301 நோயாளிகளிடம் கைத்தொலைபேசிக் கேமராவைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பார்வைக்கு ஆபத்தான நிலையில் இருந்தவர்களில் 99 சதவீதத்தினரை மென்பொருள் சரியாகக் கண்டுபிடித்தது.

அதே 2018-இல், மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தானே முடிவு சொல்லும் மென்பொருள் ஒன்றுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதி அளித்தது. அது மேசைக் கேமராவுடன் இயங்குவது. கையடக்கக் கேமராவுடன் இயங்கும் முழுத் தானியங்கி மென்பொருளுக்கு அந்த அமைப்பு அனுமதி அளித்தது 2024-இல்.

படத்தின் எல்லைகள்

ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் முடிவு வேறு, அன்றாட மருத்துவமனையில் கிடைக்கும் முடிவு வேறு என்பதற்கு மிகவும் பேசப்பட்ட சான்று தாய்லாந்திலிருந்து வந்தது. அங்கு 11 சிகிச்சை நிலையங்களில் கூகுளின் மென்பொருள் எவ்வாறு பயன்பட்டது என்பதைக் கவனித்த ஆய்வு 2020-இல் வெளியானது. முதல் ஆறு மாதங்களில் மென்பொருளிடம் கொடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதம், தரம் போதவில்லை என்று அதனால் ஒதுக்கப்பட்டன. அறையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது ஒரு காரணம். இணைய வேகம் குறைந்ததால் வரிசை நீண்டது. படம் தெளிவில்லை என்றால் நோயாளியை வேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்வதே விதியாக இருந்ததால், ஒரு நாள் கூலியை இழந்து தொலைதூரம் போக வேண்டுமே என்று எண்ணி, இந்தச் சோதனையே வேண்டாம் என்று செவிலியர்கள் சிலரே நோயாளிகளுக்கு ஆலோசனை கூறியதாகவும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

குறைகள் கண்டறியப்பட்ட பிறகு நிலைமை சீரடைந்தது. தாய்லாந்தின் 9 நிலையங்களில் 7,651 நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, அதே மென்பொருள் நிபுணர்களுக்குக் குறையாத துல்லியத்துடன் செயல்பட்டதாகக் கூறியது. கருவியை விட, அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன என்பது இங்கு தெரியவருகிறது.

கையடக்கக் கேமராவுக்கு உரித்தான சிரமங்களும் உள்ளன. நீண்டகால நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கண்ணின் பாவை சிறுத்திருக்கும். கண்புரை இருந்தால் படம் மங்கும். எடுப்பவரின் கை அசைந்தாலும் படம் கெடும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் படத்தின் தரம் உயரும் என்றாலும், அதன் பிறகு சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால் பலர் அதை விரும்புவதில்லை. விழித்திரையின் மையப் பகுதி வீங்கியிருப்பதைத் தட்டையான படத்திலிருந்து உறுதியாகச் சொல்வதும் கடினம். அதற்கு விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன் தேவைப்படுகிறது.

ஆயிரம் பேரின் கணக்கு

ஒரு மென்பொருள் எத்தனை நோயாளிகளைத் தவறவிடுகிறது என்பதைப் போலவே, நோயில்லாத எத்தனை பேரை நோயாளி என்று சொல்கிறது என்பதும் முக்கியம். முன்னர் குறிப்பிட்ட சென்னை ஆய்வில், பார்வைக்கு ஆபத்தான நோய் இல்லாதவர்களில் சுமார் 80 சதவீதத்தினரையே மென்பொருள் சரியாக விலக்கியது. எஞ்சிய 20 சதவீதத்தினரையும் அது சந்தேகப் பட்டியலில் சேர்த்தது.

இதை ஒரு வட்டாரத்தில் உள்ள ஆயிரம் நீரிழிவு நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தேசிய ஆய்வின்படி அவர்களில் 40 பேருக்கு ஆபத்தான நோய் இருக்கும். மென்பொருள் ஏறக்குறைய அந்த 40 பேரையும் பிடித்துவிடும். மீதமுள்ள 960 பேரில் 192 பேரையும் மருத்துவமனைக்குப் போகச் சொல்லும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பநிலைப் பாதிப்பு இருக்கலாம். ஆனால் உடனடிச் சிகிச்சை தேவைப்படாது. ஆக, அனுப்பப்படும் 232 பேரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கே அவசரம். மற்ற ஐவரும் பேருந்துக் கட்டணம் கொடுத்து, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சென்று, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புவார்கள். அந்தச் செய்தி ஊரில் பரவினால், அடுத்த முறை உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரும் போகத் தயங்குவார்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. மென்பொருள் சந்தேகித்த படங்களை மட்டும் அன்று மாலையே மருத்துவமனையில் உள்ள நிபுணரோ, பயிற்சி பெற்ற படப் பரிசீலகரோ மீண்டும் பார்த்து வடிகட்டலாம். ஆயிரம் படங்களைப் பார்ப்பதற்குப் பதில் 232 பேரின் படங்களை அவர் பார்க்கிறார். பயணம் தேவையுள்ளவர்கள் மட்டும் பயணம் செய்கிறார்கள். ஆனால் இதற்கு ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கேமரா வாங்குவது ஒருமுறைச் செலவு. அறிவிப்பதும் எளிது. பரிசீலகரின் சம்பளம் ஆண்டுதோறும் தொடரும் செலவு என்பதால் வரவுசெலவுத் திட்டங்களில் அது பின்தள்ளப்படுகிறது.

இங்கிலாந்து செய்தது என்ன?

நீரிழிவுக் கண் பரிசோதனையில் உலகின் முன்மாதிரியாகக் காட்டப்படுவது இங்கிலாந்து. அங்கு தேசியத் திட்டம் 2003-இல் தொடங்கப்பட்டு, 2008-க்குள் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லா நீரிழிவு நோயாளிகளும் இதில் அடங்குவர். இதன் விளைவு சில ஆண்டுகளிலேயே புள்ளிவிவரங்களில் தெரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவே முதற்காரணமாக இருந்த நிலை, குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக மாறிவிட்டதாக 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பரம்பரை விழித்திரை நோய்கள் முதலிடத்துக்கு வந்திருந்தன.

இந்த வெற்றிக்குக் கேமரா மட்டும் காரணம் என்று எண்ணுவது தவறு. குடும்ப மருத்துவரிடம் நீரிழிவு நோயாளி என்று பதிவான ஒவ்வொருவரின் பெயரும் பரிசோதனைப் பட்டியலுக்குத் தானாகச் செல்கிறது. அவருக்கு அழைப்புக் கடிதம் போகிறது. வராவிட்டால் மீண்டும் கடிதம் போகிறது. எடுக்கப்படும் படங்களைப் பயிற்சி பெற்ற பரிசீலகர்கள் தரம் பிரிக்கிறார்கள்; அவர்களது வேலையின் தரமும் சோதிக்கப்படுகிறது. ஆபத்தான நிலையில் இருப்பவர் எவ்வளவு காலத்துக்குள் மருத்துவமனையில் பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு வரையறை உண்டு. சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. ஆபத்து குறைந்தவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைத்தால் போதும் என்று 2023-இல் விதி மாற்றப்பட்டபோதும், யாரை எப்போது அழைப்பது என்பதை முடிவு செய்ய அந்தப் பதிவேடே உதவியது.

இந்த ஏற்பாட்டில் மிக மலிவான பகுதி கேமரா. வளரும் நாடுகள் கடன் வாங்க எளிதாக இருப்பதும் அந்தப் பகுதிதான். பதிவேடும், திரும்ப அழைக்கும் முறையும், கட்டணமில்லாச் சிகிச்சையும் இல்லாமல் கேமராவை மட்டும் கொண்டுவந்தால், இங்கிலாந்தில் கிடைத்த பலனை எதிர்பார்க்க முடியாது.

தென்னிந்தியாவும் இலங்கையும்

அத்தகைய அமைப்பைக் கட்டுவதற்கான அடித்தளம் தென்னிந்தியாவில் ஓரளவு இருக்கிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பிரிட்டன் நிதியுதவியுடன் நடந்த ஆர்னேட் இந்தியா ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக, அரசின் குடும்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களே கையடக்கக் கேமராவில் படம் எடுத்தனர். அந்தப் படங்கள் திருவனந்தபுரம் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டன. நயனாமிர்தம் என்று பெயரிடப்பட்ட இந்த முயற்சியின் சிறப்பு, அது முகாமாக நடத்தப்படாமல், நோயாளி சர்க்கரை மாத்திரை வாங்க வரும் இடத்திலேயே வழக்கமான சேவையாக இணைக்கப்பட்டது என்பதுதான்.

தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொண்டுசென்றது. யாருக்கு நீரிழிவு இருக்கிறது, அவர் எங்கே வசிக்கிறார் என்ற தகவலை அரசு ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டியுள்ளனர் என்பது இதன் பொருள். கண் பரிசோதனைக்கான அழைப்புப் பட்டியலுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இருக்க முடியாது. 1976-இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரவிந்த் மருத்துவமனை, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கண் பராமரிப்பு மையங்களைக் கிராமப்புறங்களில் நடத்துவதும் குறிப்பிடத்தக்கது. அரசிடம் பட்டியல் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களிடம் நிபுணத்துவம் இருக்கிறது. இரண்டையும் நிரந்தரமாக இணைப்பது கொள்கை முடிவைச் சார்ந்தது.

இலங்கையில் மேல் மாகாணத்தில், கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறாத மருத்துவர்கள் கையடக்கக் கேமராவைக் கொண்டு நோயை இனங்காண முடியுமா என்று ஆராயப்பட்டு, ஊக்கமளிக்கும் முடிவுகள் கிடைத்தன. கட்டணமில்லா அரசு மருத்துவம் அந்த நாட்டின் பலம். ஆனால் விழித்திரைச் சிகிச்சை வசதிகள் பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்தே உள்ளன. கொழும்பைச் சுற்றிச் சாத்தியமாவது, வன்னியிலோ மலையகத் தோட்டங்களிலோ அதே அளவில் சாத்தியமாகுமா என்பது சிகிச்சை எங்கே கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. நாள் சம்பளத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு, லேசர் சிகிச்சைக்காகப் பல முறை நகரத்துக்குப் போய் வருவது எளிதான காரியமல்ல.

இலவசம் என்பதன் மறுபக்கம்

இந்தியாவிலும் தாய்லாந்திலும் உள்ள பங்காளி நிறுவனங்கள் மூலம் பத்தாண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகள் நோயாளிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வழிசெய்யப்படும் என்று கூகுள் 2024-இல் அறிவித்தது. எண் பெரியதாகத் தோன்றலாம். அவை அனைத்தும் இந்தியாவிலேயே நடந்தாலும் ஆண்டுக்கு 6 லட்சம்தான். அது 10 கோடி நீரிழிவு நோயாளிகளில் நூற்றில் ஒருவரைக்கூட எட்டாது. தனியார் நிறுவனங்களின் கொடையை மட்டும் நம்பி இந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

படங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இருக்கிறது. விழித்திரைப் படத்தைக் கொண்டே ஒருவரின் வயது, பாலினம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணிக்க முடியும் என்று 2018-இல் கூகுள் ஆய்வாளர்களே காட்டினர். அப்படியானால் அந்தப் படம் நோயறியும் கருவியாக மட்டும் இல்லாமல், வணிக மதிப்புள்ள தனிப்பட்ட தகவலாகவும் ஆகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இந்தியா 2023-இல் நிறைவேற்றியது. ஆனால் கண் முகாமில் வரிசையில் நிற்கும் ஒருவரிடம் கைநாட்டு வாங்குவதை உண்மையான சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பதைச் சட்டம் மட்டும் தீர்த்துவிடாது. அவருக்குப் புரியும் மொழியில் விளக்க ஒருவர் வேண்டும்.

புலம்பெயர்ந்த தமிழர்களின் நிலை

வளர்ந்த நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு இது தாயகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஐரோப்பியர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும், அது இளவயதிலேயே, உடல் எடை அவ்வளவாகக் கூடாத நிலையிலேயே வருகிறது என்பதும் நிறுவப்பட்ட உண்மைகள். மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்திய வம்சாவளியினரில் 31.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18.3 சதவீதம்.

சேவை இருக்கும் நாடுகளிலும் எல்லோரும் அதைப் பயன்படுத்துவதில்லை. இங்கிலாந்தில் இளவயது நோயாளிகளும் வறிய பகுதிகளில் வாழ்பவர்களும் பரிசோதனைக்கு வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அழைப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. முதிய தாய் தந்தையர் அதைப் பிள்ளைகள் படித்துச் சொல்லும்வரை ஒதுக்கிவைக்கிறார்கள். இரவுப் பணியிலும் கடைகளிலும் வேலை செய்பவர்களுக்குப் பகலில் நேரம் கிடைப்பதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்தாகிவிட்டது, அதுவே போதும் என்ற தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. கண்ணாடிக்கான சோதனையும் நீரிழிவுக்கான விழித்திரைச் சோதனையும் வெவ்வேறு என்று பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நீரிழிவு உள்ளவர்களின் வருடாந்தக் கண் பரிசோதனைச் செலவை அரசு காப்புறுதித் திட்டமே ஏற்கிறது.

எதை எண்ணுவது?

கண்ணின் படம் தரும் பயன் கண்ணோடு முடிவதில்லை. உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அங்கு பாதிப்பு தெரிகிறது என்றால் சிறுநீரகத்திலும் நரம்புகளிலும் பாதிப்பு தொடங்கியிருக்கக்கூடும். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் உருவாவது 76 சதவீதம் குறைகிறது என்று முதல் வகை நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1993-இல் காட்டியது. இரண்டாம் வகையினருக்கும் சர்க்கரைக் கட்டுப்பாடும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் உதவும் என்பதை பிரிட்டிஷ் ஆய்வு 1998-இல் உறுதிசெய்தது. ஆகவே படத்தின் முடிவு கண் மருத்துவருக்கு மட்டுமன்றி, மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கும் போய்ச் சேர வேண்டும். பல திட்டங்களில் அது நடப்பதில்லை.

கையடக்கக் கேமரா ஒரு பெரிய தடையை நீக்கியிருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டும், நகரம் வேண்டும், விலை உயர்ந்த கருவி வேண்டும் என்ற நிலை இனி இல்லை. எனவே, கண்டுபிடிக்க முடியவில்லை என்று அரசுகள் சொல்லவும் இனி வழியில்லை. கண்ணில் நோய் இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, சிகிச்சைக்கு வழி காட்டாமல் விடுவது, சொல்லாமல் இருந்ததைவிட எந்த வகையில் மேலானது என்ற கேள்விக்கு அவை பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தத் திட்டங்களுக்கு நிதி வழங்கும் அரசுகளும் அறக்கட்டளைகளும் ஆண்டறிக்கைகளில் கேட்க வேண்டியது மூன்று எண்கள்: எத்தனை பேருக்குப் படம் எடுக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர், சிகிச்சை தேவைப்பட்டவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்துக்குள் அதைப் பெற்றனர். முதல் எண் கேமராக்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து தானாகவே உயரும். மூன்றாவது எண் உயர வேண்டுமானால் மாவட்ட மருத்துவமனையில் லேசர் கருவி இயங்க வேண்டும். ஊசி மருந்து இருப்பில் இருக்க வேண்டும். வராதவரின் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்க வேண்டும். பயணச் செலவுக்கு உதவி இருக்க வேண்டும். அந்த மூன்றாவது எண்ணை வெளியிட எத்தனை அரசுகள் முன்வருகின்றன என்பதைக் கொண்டே, இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு பேரின் பார்வையைக் காக்கப் போகிறது என்பதை மதிப்பிட முடியும்.